மஞ்சள் தடவிய அளவு நூல்

எனக்கு வாய் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருக் குழாயடியில் என் முறைக்கு முன்னால் எவளாவது குடத்தை நுழைத்தால், அவள் குடம் நிறைவதற்குள் அவளுடைய மூன்று தலைமுறையும் என் வாயில் நனைந்துவிடும். அப்படிப்பட்ட வாயை நாலு மாதம் பூட்டி வைத்திருந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வைத்திருந்தேன். ஒரு ஜோடி மோதிரம் வாங்கப் போன இடத்தில்தான் பூட்டு திறந்தது.

எழுபதுகளின் கடைசி அது. மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. தினமும் காலையில் பஸ் ஏறி, அரிசியும் உரமூட்டையும் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் நின்று போவேன். தம்பி பாளையங்கோட்டையில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயது இருபத்தாறு. அந்தக் காலத்துக் கணக்கில் அது நாற்பது மாதிரி. இருபத்துநாலு வயதில் ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முடிந்து, நிச்சயத்துக்கு நாள் குறித்து, பந்தல்காரனிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. அப்புறம் ஒருநாள் அது நின்றுவிட்டது. ஏன் என்று வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. தெரு சொன்னது. “பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. மாப்பிள வீட்டுல பயந்துட்டாவ.”

அப்பா அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போ உண்மைதான் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு எந்த ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் எங்கள் தெருவில் விசாரிப்பார்கள், தெரு அதே பாட்டைப் பாடும், ஜாதகம் திரும்பி வரும். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஆபீசில் டைப் அடிக்கும்போது எழுத்து மங்கலாகத் தெரியும். ரிப்பன் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வேன். என் வாயை நானே வெறுத்த காலம் அது.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இந்த இடம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீசில் வேலை. அவருடைய அம்மா பிறந்தது நம்ம பக்கத்துப் பனவடலிசத்திரத்தில். வாழ்க்கைப்பட்டுப் போய் முப்பது வருடம் ஆகியும் நம்ம பக்கத்துப் பேச்சு மாறாதவர். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அப்பா என்னைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோமதி அம்மன் சன்னதியில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

“கழுத்துல தாலி ஏறுத மட்டும் அவுக முன்னால நீ வாயத் திறக்கப்பிடாது மக்கா. சத்தியம் பண்ணு.”

“கேட்ட கேள்விக்குப் பதில் கூடவா சொல்லப்பிடாது?”

“தலைய ஆட்டு. போதும்.”

அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரி முன்னால்கூடக் கெஞ்சியறியாத மனுஷன். அன்றைக்குக் கண் கலங்கி நின்றார். என் வாய்தானே இவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது என்று நினைத்தேன். புற்றுமண்ணை மூடிப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன்.

மறுநாள் வந்தார்கள். காபி கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் கோவில் யானை மாதிரி தலையை ஆட்டினேன். மாப்பிள்ளை என்னைவிட மோசம்; அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. பிடித்திருக்கிறது என்று தரகர் மூலம் மூன்றாம் நாள் தகவல் வந்தது. வீடே மூச்சு விட்டது. செய்தி எப்படியாவது அவர்கள் காதுக்குப் போய்விடுமோ என்று குழாயடியிலும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் நிச்சயம் என்றால் தட்டு மாற்றி, பெண்ணுக்குப் பூ வைத்து, பட்டுப்புடவை கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்புவதுதான். சபையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றிக்கொள்வது சினிமாச் சமாச்சாரம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா மதுரையில் ஏதோ ஒரு வீட்டு விசேஷத்தில் அதைப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டிலும் அப்படித்தான் செய்யவேண்டும் என்று நின்றுவிட்டார். மாப்பிள்ளைக்கு நாங்கள் எடுக்கவேண்டும், எனக்கு அவர்கள் எடுக்கவேண்டும். நிச்சயம் வரை மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பெண் படக்கூடாது என்பது பழைய வழக்கம். அதை மட்டும் அவர் மாற்றவில்லை. அதனால் விரல் அளவு தரகர் கையில் போய்வந்தது.

அளவு என்றால் என்ன, நூல்தான். தையல் நூலை நாலாக மடித்து முறுக்கி, மோதிர விரலில் சுற்றி, இரண்டு முனையும் சேருகிற இடத்தில் வெட்டிவிட வேண்டும். என் விரலை நானே அளந்தேன். அவ்வளவு கச்சிதம். காகிதத்தில் மடிக்கப் போனபோது அம்மா பார்த்துவிட்டாள்.

“வெறும் வெள்ள நூலயா நல்ல காரியத்துக்குக் குடுத்து விடுவாவ? அறிவிருக்காட்டி ஒனக்கு?”

அம்மா மஞ்சளை உரசிக் குழைத்து நூலை அதில் நன்றாக முக்கி எடுத்து, கிணற்றுச் சுவரில் வெயிலில் காயப் போட்டாள். நாலைந்து நாள் கழித்து அங்கிருந்து மாப்பிள்ளையின் அளவு வந்தது. அதுவும் வெள்ளை நூல். “அந்தப் பொம்பளைக்கும் ஒரு விவரமும் தெரியலியே” என்று அம்மா அதையும் மஞ்சளில் முக்கிக் காயப் போட்டாள். இரண்டு நூலும் மங்களகரமாக, முருங்கைக்காய் நாரைப் போல விறைத்துக்கொண்டு கிடந்தன. அதில் ஒரு சங்கடம் இருக்கிறது என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொன் எடுக்க நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் தரகரே பார்த்துச் சொன்னார். மதுரையில் எந்தக் கடை என்றும் அவரே சொன்னார். அம்மாவுக்கு மூச்சிழுப்பு, அவ்வளவு தூரம் பஸ்ஸில் வரமுடியாது. அப்பாவைத் தனியே அனுப்ப அவளுக்கு மனமில்லை. கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அவனுக்கே நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஆள் அவர். கத்தரிக்காய் வாங்கப் போனாலே புழு உள்ளதாகப் பார்த்து எடுத்து வருவார். “நீ கூடப் போ” என்றாள் என்னிடம். “மதுரையில உன்ன யாரு பாக்கப் போறா?”

அப்பா சம்மதித்தார், ஆனால் கடையிலும் நான் பேசக்கூடாது என்றார். யாராவது தெரிந்தவர் இருந்து, பெண்ணே பேரம் பேசினாள் என்று செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டால்? சரி, பேசாமல் எப்படிப் பேரம் பேசுவது? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பாவின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சட்டையை ஒருமுறை இழுத்தால் விலையைக் குறைக்கச் சொல்லு என்று அர்த்தம். இரண்டுமுறை இழுத்தால் எழுந்திரு, வேறு கடைக்குப் போவோம். மூன்றுமுறை இழுத்தால் சரி, வாங்கு.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினோம். அந்தப் பயணம் எனக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது. ஜன்னலோரம் நான், பக்கத்தில் மஞ்சப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி அப்பா. அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையின் வாசம். கரிவலம்வந்தநல்லூரில் பூக்கூடைக்காரிகள் ஏறினார்கள், பஸ் முழுக்கப் பிச்சிப்பூ மணந்தது. ராஜபாளையத்தில் டீ குடித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடி, ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன். ஊர் தாண்டும்வரை நிமிரவில்லை. கண்டக்டர், “என்னம்மா, வாந்தியா? வெளிய எடுங்க, உள்ள எடுத்துறாதீங்க” என்று கத்தினார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். அதற்காகவே இன்னும் இரண்டு ஊர் குனிந்து போகலாம் என்று இருந்தது எனக்கு.

மதுரையில் இறங்கி நகைக்கடைத் தெருவுக்கு நடந்தோம். எவ்வளவு கூட்டம், எவ்வளவு கடை! எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத்தான் அவ்வளவு தலை பார்க்கலாம். தரகர் சொன்ன கடை சின்னதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் தரையில் வெள்ளைவிரிப்பு மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு, காற்று பட்டால்கூட ஆடும். முதலாளி வெள்ளை ஜிப்பாவில், நெற்றியில் பெரிய குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தார். “வாங்கண்ணே, வாங்க” என்று கலர் சோடா வரவழைத்தார். சோடா வந்தாலே விலையில் அதையும் சேர்த்துவிட்டான் என்று அர்த்தம். சொல்ல முடியவில்லை, குடித்துத் தொலைத்தேன்.

அப்பா மஞ்சள் நூலை எடுத்துக் கொடுத்தார். முதலாளி அதை வளைத்து, சாவிக்கொத்து மாதிரி கோத்து வைத்திருந்த அளவு வளையங்களில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“மாப்பிள்ளைக்கா? ரொம்ப ஒல்லியான தம்பியா இருப்பாரு போல.”

அப்பாவும் “ஆமா, ஆமா, கொஞ்சம் ஒல்லிதான்” என்றார். மாப்பிள்ளை ஒல்லியே இல்லை. நான் பார்த்தேனே! ஆனால் பேச முடியாதே. தவிர, ஒருவேளை உடம்பு தடித்து விரல் மட்டும் ஒல்லியோ என்று நானும் விட்டுவிட்டேன்.

இலை வேலைப்பாடு போட்ட ஒரு மோதிரத்தை எடுத்தோம். கூலியும் சேதாரமும் சேர்த்துக் கிராமுக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். சட்டையை இழுத்தேன். அப்பா, “கொஞ்சம் பாத்துப் போடுங்க முதலாளி” என்றார். கொஞ்சம் குறைந்தது. இன்னொரு முறை இழுத்தேன். அப்பாவுக்கு அது இரண்டாகக் கணக்காகி, சடக்கென்று எழுந்துவிட்டார். ஐயோ என்று மூன்றாவதாக இழுத்து உட்கார வைத்தேன். அது மூன்று ஆகிவிட்டதா, “சரி, இதையே கட்டுங்க” என்று முடித்துவிட்டார். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், சத்தமில்லாமல்.

மோதிரத்தை ரோஸ் காகிதத்தில் வைத்துத் தராசில் போட்டு நிறுத்தார். காகிதத்தோடு! கண்ணெதிரே காகிதத்தோடு நிறுக்கிறார், அப்பா பக்தியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டையை இழுக்கலாம், ஆனால் காகிதத்தை எடு என்பதற்கு எத்தனை இழுப்பு என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. 

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல். “செருப்ப உள்ள தள்ளி விடுலே, எவனாவது மாட்டிட்டுப் போயிருவான்.”

பனவடலிசத்திரத்துக் குரல். மாப்பிள்ளையின் அம்மா! பின்னால் மாப்பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் அதே நல்ல நேரத்தையும் அதே கடையையும் தரகர் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பா வெளிறிப்போனார். “உள்ள போ, உள்ள போ” என்று என்னைத் தள்ளினார். முதலாளிக்குப் பின்னால் ஒரு அரைக்கதவு இருந்தது. அதற்குள் நகை செய்யும் பத்தரின் பட்டறை. நான் அதற்குள் பாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஊதுகுழலை வாயில் வைத்திருந்த பத்தர் என்னைப் பார்த்து ஊதுவதை நிறுத்திவிட்டார். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.

வெளியே நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தது. “நீங்க முடிச்சிட்டியளா அண்ணாச்சி? இருங்க, எங்களுதையும் பாத்துட்டு ஒண்ணாப் போவோம்” என்று மாப்பிள்ளையின் அம்மா அப்பாவை உட்கார வைத்துவிட்டார். அப்பாவின் இருமல் மட்டும் கேட்டது. பிறகு என் நூல் வெளியே வந்தது. முதலாளி அதை வளையத்தில் ஒப்பிட்டு ஒரு மோதிரத்தை எடுத்துக் காட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் மாறியது.

“இது யாரு விரலு அண்ணாச்சி?”

“என்ன கேக்கிய?”

“இல்ல, நா கேக்கேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எனக்குக் காப்பி குடுத்தாள்ளா, அவ விரல நா பாத்தேன். நல்லா தெம்பான விரலு. இந்த மோதிரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குல்லா சேரும்? யாரு விரல அளந்து குடுத்து விட்டிய?”

அரைக்கதவின் இடுக்கில் அப்பாவின் முகம் தெரிந்தது. வியர்த்துக் கொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். என் விரல் தடிமன் என்பதை மறைக்க வேறு பிள்ளையின் அளவைக் கொடுத்து ஏமாற்றினோமாம். அந்த அம்மாள் அவ்வளவையும் சொல்லவில்லை, ஆனால் கேள்விக்குள் அத்தனையும் இருந்தது. இந்தச் சம்பந்தமும் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. அப்பா பொய்யர் என்று பேர் எடுத்துக்கொண்டு அந்தக் கடையைவிட்டு இறங்குவார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஆனால் சத்தியம்? கோமதி அம்மன் முன்னால், புற்றுமண் மேல் செய்தது. கண்ணில் படாதே என்பது வழக்கம்தான். வாயைத் திறக்காதே என்பதுதான் சத்தியம். வழக்கம் நாசமாய்ப் போகட்டும் என்று அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாளுக்கு முன்னால், வெள்ளைவிரிப்பில் மண்டியிட்டு உட்கார்ந்து, வலது கையை விரித்து நீட்டினேன். வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

“ஏட்டி! நீ எங்கன இருந்து வார?”

தலையை ஆட்டினேன்.

“என்னத்தத் தலைய ஆட்டுத? எப்ப வந்த? அளவு ஒன்னுதுதானா?”

கையை இன்னும் நீட்டினேன். அவர் என் விரலைப் பிடித்துப் பார்த்தார். மோதிரத்தைப் போட்டுப் பார்த்தார். முதல் கணுவைத் தாண்டி இறங்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் வேறொரு பயம் வந்தது.

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இவ ஒத்த வார்த்த பேசல. இப்பவும் பேசல. ஆத்தி! அண்ணாச்சி, பிள்ளைக்குப் பேச்சு வராதா? ஊமைப் பிள்ளையவா எங்க தலையில கெட்டப் பாத்திய?”

எனக்கா! ஊமையா! குழாயடியில் இது தெரிந்தால் ஊரே உருண்டு சிரிக்கும்.  அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். 

“பேசு மக்கா” என்றார். “நாந்தாம்மா, பேசப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அவ மேல தப்பு இல்ல. பேசு மக்கா, பேசு.”

நாலு மாதம் அடைத்த மடை. முதலில் யாரிடம் போவது என்றே தெரியவில்லை, முதலாளியிடம்தான் போனேன். “அண்ணாச்சி, மோதிரத்த காயிதத்தோட நிறுத்தியளே, அந்தக் காயிதம் என்ன இருபத்திரெண்டு கேரட்டா? எடுத்து வச்சிட்டு இன்னொரு தடவ நிறுங்க, நா பாக்கணும்.” பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினேன். “இது என் விரலுதான் அத்த. தண்ணி எறச்சு, டைப் அடிச்சுத் தடிச்ச விரலு. நானே அளந்து, நானே வெட்டின நூலு. எங்கப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கத்தரிக்காயாவது நல்லதா வாங்கிட்டு வந்திருப்பாவ.”

அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவர் சிரித்தார் பாருங்கள், கடை வாசலில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“ஒங்க தெருவுல விசாரிச்சப்ப வாய்க்காரி, வாய்க்காரின்னு சொன்னாவட்டி. அத நம்பித்தான் வந்தேன்! எங்க வீட்டுல ஆம்பளைக மூணு பேரு, மூணும் மரக்கட்ட. நா செவுத்தோட பேசி, செவுத்தோட சண்ட போட்டுல்லா இருக்கேன். நீ தலையாட்டுதத பாத்து, ஊருல பொய் சொல்லிட்டாவளோன்னு எனக்கு நாலு மாசமா ஒரே வெசனம்.”

மாப்பிள்ளை அப்போது முதன்முதலாக வாயைத் திறந்தார். “அம்மா, நூலு” என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் இருந்தது. விரிப்பில் கிடந்த இரண்டு நூலையும் அவர் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். “நா குடுத்தது வெள்ள நூலு.”

அப்பா எடுத்த இலை மோதிரத்தை அவர் விரலில் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் இறங்கவில்லை. முதலாளி நூலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். “மஞ்சத்தண்ணில முக்கி வெயில்ல போட்டீங்களா? முறுக்கு நூல் சுருங்காம என்ன செய்யும் தாயி? முப்பது வருசமா கடை வச்சிருக்கேன், அளவு நூலுக்கு மங்களஸ்நானம் பண்ணின வீட்டை இப்பத்தான் பாக்குறேன்.”

சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது. பத்தர்கூட அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார். என் விரலை நேரிலேயே அளந்து, கல் வைக்காத சின்னப் பூ மோதிரம் ஒன்றை எடுத்தார்கள். அதைக் காகிதம் இல்லாமல் நிறுத்தார் முதலாளி, நான் சொல்வதற்கு முன்பே. நாலு பேரும் பக்கத்து ஹோட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். மாப்பிள்ளை எனக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அத்தை ரசம் வரைக்கும் பேசினார், நான் மோர் வரைக்கும் பேசினேன். நடுவில் அத்தை அப்பாவிடம் சொன்னார். “முந்தி ஒரு எடம் இவ வாயால தட்டிப் போச்சாமே அண்ணாச்சி. அவுகளுக்குக் குடுத்து வைக்கல.” நான் சிரித்தேன். அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்து கைகழுவப் போனார்.

திரும்பும் பஸ்ஸில், அத்தையும் மாப்பிள்ளையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிய பிறகும், நான் ஓயவே இல்லை. முதலாளியைப் போல் பேசிக் காட்டினேன், பத்தரைப் போல் முழித்துக் காட்டினேன், அம்மாவிடம் மஞ்சளைப் பற்றி என்னவெல்லாம் கேட்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜபாளையம் தாண்டி, சாயங்கால வெயில் ஜன்னலில் ஏறும்போது அவர் சொன்னார்.

“அந்த மொத எடம் உன் வாயால போகல மக்கா.”

எனக்குப் புரியவில்லை.

“அவுக உன் வாயப் பத்தி ஒண்ணும் சொல்லல. வேலைய மட்டும் விடச் சொன்னாவ. தம்பி பாளையங்கோட்டையில படிச்சிட்டு இருந்தான். நானும் ரிட்டயர் ஆயிட்டேன். உன் சம்பளம் நின்னா வீட்டுல உலை ஏறாதுன்னு பயந்து, நாந்தான் வேண்டாம்னு சொல்லி விட்டேன். தெருவுல உன் வாயச் சொன்னாவ. மக சம்பளத்துக்காகக் கல்யாணத்த நிறுத்தினேன்னு சொல்லுததுக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன். அதுவே ஊரெல்லாம் நிசமாயிட்டு. கடைசில நானே உன்னக் கூட்டிட்டுப் போயி சத்தியம் வாங்க வேண்டியதாயிட்டு.”

இரண்டு வருடம். திரும்பி வந்த ஜாதகங்கள். என் வாயை நான் வெறுத்த ராத்திரிகள். புற்றுமண். எல்லாம் ஒன்றாக ஏறி வந்து என் நாக்கில் நின்றது. எனக்கு இருக்கிற வாய்க்கு அந்த பஸ்ஸையே நிறுத்தியிருக்கலாம். அப்பா என் பக்கம் திரும்பி, “ஏசு மக்கா. என்னத்தயாவது சொல்லு” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கரிவலம் வந்தது, போனது. சங்கரன்கோவில் கோபுரம் தெரிந்தது. இறங்கி வீடு போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மோதிரம் சபையில் அல்வா மாதிரி இறங்கியது. அத்தையும் நானும் இருபது வருடம் பேசித் தீர்த்தோம். சுவருக்கு ஓய்வு கிடைத்தது. மரக்கட்டை என்று சொல்லப்பட்டவர் இன்றைக்கும் எனக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைக்கிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா செய்ததற்கு அர்த்தம் இருந்தது என்பதும், அவர் வேண்டாம் என்று சொன்னதால்தான் இந்த வாழ்க்கை கிடைத்தது என்பதும் ஒரு வருடத்துக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி படித்து வேலைக்குப் போனபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. கோபம் எப்போதோ போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இல்லை.

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வருவார். ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். உலகத்துக் கதையெல்லாம் பேசுவேன். டிரைவர் ஏறியதும் அவர் கேட்பார். “வேற ஏதும் சொல்லணுமா மக்கா?” ஒவ்வொரு தடவையும் கேட்பார். எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பேன்.

கடைசித் தடவை அவரால் பஸ் ஸ்டாண்டுக்கு வரமுடியவில்லை. வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டார்.

“ஒண்ணுமில்லப்பா” என்றேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு.”